தனுஷ்கோடி ஸ்டேஷனை முடித்தது 1964 புயல் மட்டும்தானா?

மீட்டர்கேஜ்:
தனுஷ்கோடி பற்றி யார் எழுதினாலும் கதை 1964 டிசம்பர் 22 இரவில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் ஐம்பது வருஷம் அந்த ஸ்டேஷன் என்ன வேலை பார்த்தது என்று கேட்பவர்கள் குறைவு. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். அது கப்பலுக்காகப் போட்ட ஸ்டேஷன். புயல் அதை உடைத்தது உண்மை. ஆனால் திரும்பக் கட்டாமல் விட்டதற்குக் காரணம், கப்பலுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதுதான்.

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். சிலோன் போகும் ரயில் பயணிக்கு முதலில் தனுஷ்கோடி கிடையாது, தூத்துக்குடிதான். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. 'போட் மெயில்' என்ற பெயர் அந்தக் காலத்திலேயே உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டாரே, அப்போது ஆஷ் மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்து காத்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலுக்காகத்தான்.

தூத்துக்குடி வழியில் ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர்தான். அதனால் தென்னிந்திய ரயில்வே 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை போட்டது, பிறகு பாம்பன் பாலத்தைக் கட்டியது, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது. அதே வருஷம் தனுஷ்கோடி பாதையும் கப்பலும் அந்தப் பக்கம் தலைமன்னார் பாதையும் சேர்ந்து ஓடத் தொடங்கின. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போகலாம்.

இன்னொரு விஷயம். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ராமேஸ்வரம் கோயிலுக்கு, சுமார் 10 கிலோமீட்டர். இன்னொன்று தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கிலோமீட்டர். பாம்பனை 'ஜங்ஷன்' என்று சொன்னது அதனால்தான். தனுஷ்கோடி வண்டி ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. பக்தர்கள் ஒரு பக்கம், கடல் தாண்டுகிறவர்கள் ஒரு பக்கம்.

கணக்கன்:
தலைப்பைப் பார்த்ததும் ஏதோ சதி வேலை என்று சொல்லப்போகிறீர்களோ என்று நினைத்தேன். நண்பரே, ஏறத்தாழ 1,800 பேர் இறந்த இடம். மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் காற்று, 7 மீட்டர் உயர அலை என்று பதிவு இருக்கிறது. வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய மெட்ராஸ் அரசே அறிவித்துவிட்டது. ஊரே இல்லாத இடத்துக்கு எதற்கு ஸ்டேஷன்? இதில் 'வேறு காரணம்' தேட என்ன இருக்கிறது?

மீட்டர்கேஜ்:
ஊர் இல்லாததால் ஸ்டேஷன் இல்லை என்கிறீர்கள். நான் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே கஸ்டம்ஸ் ஆபீஸ், போர்ட் ஆபீஸ், தபாலாபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் யாரை நம்பி இருந்தன? கப்பலையும் ரயிலையும் நம்பி. மீனவர்கள் முன்பும் இருந்தார்கள், அரசு வாழத் தகுதியற்றது என்று அறிவித்த பிறகும் அங்கேயே இருக்கிறார்கள். காணாமல் போனது ரயில்வே ஊர்.

இன்னொன்றும் கேட்கிறேன். அதே புயலில் பாம்பன் பாலமும்தான் போனது. அதை 46 நாளில் சரி செய்தார்களே, எப்படி? வேண்டும் என்று நினைத்தார்கள், செய்தார்கள்.

பழைய கேங்மேன்:
ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இங்கே குறுக்கிடுகிறேன். பாலத்தையும் தனுஷ்கோடி பாதையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி.

பாம்பன் பாலத்தில் போனது பெரும்பாலும் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. ஆனால் தூண்கள் நின்றன, நடுவில் உள்ள தூக்குப் பாலமும் தப்பித்தது. தூண் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்போது இளம் இன்ஜினியராக இருந்த ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் செய்தவர், கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றினார். ஆறு மாதம் கேட்ட வேலை, மேலிடம் மூன்று மாதம் என்றது, 46 நாளில் முடிந்தது. கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக்கொடுத்ததில் மீனவர்களுக்குப் பெரிய பங்கு. எல்லாரும் ஸ்ரீதரன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் தூணும் கிடையாது, பாறையும் கிடையாது. இரண்டு கடலுக்கு நடுவே ஒரு மணல் நாக்கு. அதன் மேல் கரை போட்டுத் தண்டவாளம். அலை கரையோடு அடித்துக்கொண்டு போனால் திரும்பக் கட்ட எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது? புயல் இல்லாத வருஷத்திலும் காற்று மணலை வாரித் தண்டவாளத்தின் மேல் கொட்டும். அள்ளிப் போட்டால் அடுத்த வாரம் மறுபடி கிடக்கும். உப்புக்காற்றில் போல்ட், தண்டவாளங்களை இணைக்கும் பிஷ் பிளேட் எல்லாம் துரு ஏறும். வருமானம் இருந்தால்தான் இப்படிப்பட்ட பாதையை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கன்:
நன்றி ஐயா. அதைத்தான் சொல்ல வந்தேன். இயற்கைதான் காரணம்.

மீட்டர்கேஜ்:
ஐயாவின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். 'வருமானம் இருந்தால்தான்'. நான் சொல்வதும் அதேதான். பராமரிக்கக் கஷ்டமான பாதையை ஐம்பது வருஷம் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் முனையில் கப்பல் நின்றது. புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் போனால் கொஞ்சம் தூரம் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் தூரத்தைக் கடலில் போவதா, மணலில் 24 கிலோமீட்டர் பாதையைத் திரும்பக் கட்டி ரயிலில் போவதா என்றால் எந்தக் கணக்குப்பிள்ளையும் கடலைத்தான் தேர்ந்தெடுப்பார். 1984 வரை ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் ஓடியது. கடைசியாக ஓடியது 'ராமானுஜம்' என்ற கப்பல். அதை நிறுத்தியது புயல் இல்லை, இலங்கைப் போர்.

மன்னார்க்கரை:
வணக்கம். நான் தலைமன்னார்ப் பக்கத்து ஆள். நீங்கள் எல்லோரும் ஒரு முனையைப் பற்றி மட்டும் கதைக்கிறீர்கள், மற்ற முனை எங்களிடம் இருக்கிறது.

எங்கட பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை 1914இல் பாதை வந்தது. போர்க்காலத்தில் 1990இல் அது நின்று போனது. தண்டவாளம், சிலிப்பர் கட்டை எல்லாம் போய்விட்டது. பிறகு இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டது, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாருக்கு மறுபடி புகையிரதம் வந்தது. இன்றைக்கு நீங்கள் கொழும்பு கோட்டையில் ஏறினால் தலைமன்னார் இறங்குதுறை நிலையத்தில் வந்து இறங்கலாம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெளிச்சவீடு (கலங்கரை விளக்கம்). எட்டிப் பார்த்தால் கடல். கப்பல்தான் இல்லை.

அதாவது எங்களிடம் நிலையம் திரும்பி வந்தும் கப்பல் வரவில்லை. மீட்டர்கேஜ் சொல்கிற நியாயத்துக்கு இது இடிக்கிறது. கப்பல் இல்லாமலும் ஒரு கடல்முனை நிலையம் ஓடத்தான் செய்கிறது, ஏனென்றால் மன்னார்த் தீவில் சனம் இருக்கிறது.

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். இலங்கையில் அகலப் பாதை, ஐந்தரை அடி. தென்னிந்திய ரயில்வேயின் தனுஷ்கோடிப் பாதை மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம்தான். ஆகவே 'ஒரே ரயிலில் கொழும்பு' என்று சிலர் எழுதுவதெல்லாம் கற்பனை. நடுவில் கடலே இல்லாவிட்டாலும் பெட்டி மாறத்தான் வேண்டும்.

மீட்டர்கேஜ்:
அருமையான எதிர்வாதம். தலைமன்னாரில் சனம் இருப்பதால் நிலையம் பிழைக்கிறது என்றால், தனுஷ்கோடிக்கு அந்தச் சனம் கப்பலால் வந்தது என்ற என் பேச்சு இன்னும் பலப்படுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன் :)

தேயிலைத்தடம்:
மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷன், கர்டர், கேஜ், கப்பல் எல்லாம் வந்துவிட்டது. யார் போனார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே?

போட் மெயிலில் துரைமார் முதல் வகுப்பில் உட்கார்ந்து போன படம்தான் எல்லார் மனதிலும் இருக்கிறது. அந்தக் கப்பலில் பெருங்கூட்டமாக ஏறியவர்கள் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துப்போன கூலிக் குடும்பங்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கத்து ஏழைகள், கண்டிச் சீமைக்கு. மண்டபம் கேம்ப் இருக்கிறதே, அது இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய நோய்த்தடுப்பு முகாம். கப்பலேறும் முன் அங்கே தங்க வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்ட ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். கடல் தாண்டும் ஆளுக்கு அதுதான் அடையாளம். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதையே தடை செய்தது. தனுஷ்கோடியின் கூட்டம் அப்போதே குறையத் தொடங்கியிருக்க வேண்டும். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத்துக்காரர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்கு அப்புறம் போக்குவரத்து பழையபடி எப்படி இருக்கும்?

இன்னொரு தேதியையும் பாருங்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அது கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தனுஷ்கோடி போய்விட்டது. போன வழியிலேயே திரும்பி வர வேண்டியவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள், அங்கிருந்து அதே மண்டபம் கேம்ப். எங்கள் பாட்டி அப்படி வந்தவர். அவர் பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், 'தாயகம் திரும்பியவர்' என்று பேப்பரில் எழுதினார்கள். தாயகத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்.

தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று யூடியூபில் போடுகிறவர்கள் இதில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

பழைய கேங்மேன்:
நல்ல பதிவு அம்மா. மண்டபம் கேம்ப் பெயரை ஸ்டேஷன் போர்டில் பார்த்திருக்கிறேன், பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்!

ரிட்டர்ன்டிக்கெட்:
புயலில் அடித்துக்கொண்டு போன அந்த ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே? சிக்னல் கிடைக்காமல் டிரைவர் காத்திருந்தார், பயணிகள் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பெரிய அலை வந்தது என்று ஒரு வீடியோவில் அழகாகச் சொன்னார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்த ரயிலைத் தவறவிட்டுத்தான் உயிர் பிழைத்தார்களாம்!

கணக்கன்:
இதற்காகவே காத்திருந்தேன். தெரிந்தது இவ்வளவுதான்: 653ஆம் எண் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர், 22ஆம் தேதி இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து கிளம்பியது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது ரயில்வேயின் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் வரமாட்டார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒருவரும் பிழைக்காத வண்டிக்குள் யார் பஜனை பாடினார்கள் என்று யார் வந்து சொன்னது? தந்திக் கம்பிகள் எல்லாம் அறுந்து, மண்டபத்தில் இருந்த ரயில்வே கடல் அதிகாரி கொடுத்த தகவலை வைத்து ரயில்வே தலைமையகம் அறிக்கை விடவே சுமார் 48 மணி நேரம் ஆனது. பெட்டிக்குள் நடந்ததைக் காட்சி காட்சியாகச் சொல்கிற வீடியோவை நம்பாதீர்கள். ஜெமினியும் சாவித்திரியும் அந்தச் சமயம் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்பது உண்மை. அதற்கு மேல் ரயிலைத் தவறவிட்டார்கள் என்பதெல்லாம் சினிமாக்காரர்கள் மேல் நமக்கு இருக்கும் பிரியம்.

பெண்கடல்:
பாம்பன்காரன் பேசுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: தனுஷ்கோடியில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். எங்களுக்கு அப்படித்தான் பெயர். ஒரு பக்கம் அடங்கி இருக்கும்போது மறு பக்கம் ஆடும், காற்றைப் பொறுத்து மாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டேஷன் வைத்தவனின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். 1964இல் புயல் இலங்கையில் வவுனியாப் பக்கம் கரையேறி, தீவைக் குறுக்கே கடந்து வந்து எங்களை அடித்தது. தரையில் ஏறிய புயல் தளர்ந்துவிடும் என்ற கணக்கு அன்றைக்கு வேலை செய்யவில்லை.

ரயிலை எடுத்துவிட்டால் எங்கள் தீவின் கதி என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. சாலைப் பாலம் திறந்ததே 1988 அக்டோபரில். அதுவரைக்கும் பிரசவ வலி என்றாலும் ரயில் அல்லது படகு. அதனால் 46 நாளில் பாலத்தைச் சரி செய்தது கோயிலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கலாம் ஐயா சிறுவயதில் பேப்பர் பொறுக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள், ராமேஸ்வரம் ரோடு என்ற இடத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடும் வண்டியிலிருந்து பேப்பர் கட்டைத் தூக்கிப் போடுவார்கள். அந்தத் தனுஷ்கோடிப் பாதைதான் இங்கே பேசிக்கொண்டிருக்கும் பாதை. கோயில் ஊருக்குள் நிற்காமல்கூடக் கப்பலுக்கு ஓடியிருக்கிறது என்றால் மீட்டர்கேஜ் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ரிட்டர்ன்டிக்கெட்:
சரி, அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறேன். எது ஸ்டேஷன், எது சர்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவேகானந்தர் வந்து இறங்கியதும் அந்த ஸ்டேஷன்தானே?

பெண்கடல்:
விவேகானந்தர் 1897 ஜனவரியில் வந்தவர். அப்போது தனுஷ்கோடிக்கு ரயிலே கிடையாது. அவர் இறங்கியது பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால். அங்கே மணிமண்டபம் இருக்கிறது, போகிற வழியில் பாருங்கள்.

இடிபாடுகள் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையிலேயே வந்துவிடும். 2017இல் சாலை திறந்த பிறகு கார், பஸ் எல்லாம் போகிறது. முன்பு மாதிரி மணலில் வேனில் குலுங்க வேண்டாம். சர்ச்சை எல்லாரும் காட்டுவார்கள், பவளக்கல் சுவர்கள் நிற்கின்றன. ஸ்டேஷன் பக்கம் மிஞ்சியது இடிந்த சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும்தான். தண்டவாளம் தேடாதீர்கள். கல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். மீனவர்கள் மணலில் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் ஊற்றுகள் இருக்கும், அதில் கால் வைக்காதீர்கள். அது அவர்கள் குடிக்கும் தண்ணீர்.

கணக்கன்:
மீட்டர்கேஜுக்கு ஒரு நேரடிக் கேள்வி. உங்கள் வாதப்படி கப்பல் இல்லாவிட்டால் தனுஷ்கோடிக்கு ஸ்டேஷன் தேவையில்லை. ஆனால் 2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம் - தனுஷ்கோடிப் புதிய பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினாரே. 17 கிலோமீட்டர் சொச்சம். கப்பல் எங்கே?

மீட்டர்கேஜ்:
கப்பல் இல்லை, அதனால்தான் எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. ரயில் ரசிகன் பேசுகிற பேச்சா என்று திட்டுங்கள், பரவாயில்லை. முன்பு அந்தப் பாதைக்குக் கடல் தாண்டுகிற கூட்டம் இருந்தது. இப்போது இருப்பது காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலாக் கூட்டம். அதற்குச் சாலை போட்டாகிவிட்டது.

பழைய கேங்மேன்:
எனக்கு ஆசைதான், ஒருமுறையாவது அதில் போக வேண்டும் என்று. ஆனால் பாதைக்காரன் மூளை வேறு சொல்கிறது. புதிய பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதியது திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது, மோட்டார் வைத்து. பழையதில் ஷெர்சர் தூக்குப் பாலம், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு, வண்டி நிற்க வேண்டியதுதான். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், அதைத் தாண்டி மணல் முனையில் கரை போட்டு அதைக் காப்பாற்ற எத்தனை கேங் வேண்டும்? கல் கொட்டிக் கரையைக் கட்டினால் ஓரிடத்தில் மணல் நிற்கும், பக்கத்து இடத்தைக் கடல் தின்னும். மீனவர்கள் வள்ளத்தை எங்கே ஏற்றுவார்கள்?

பெண்கடல்:
அதோடு 2025இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்துவிட்டது, 500 ஹெக்டேருக்கு மேல். குளிர்காலத்தில் வந்து பாருங்கள், தேங்கிய உப்புநீரில் கூட்டமாக நிற்கும். பங்குனி ஆமை முட்டையிடும் கரையும் அதுதான். மாநில அரசு ரயில் பாதைக்குச் சம்மதிக்காததில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ராமேஸ்வரம் வரைக்கும் இன்னும் நாலு வண்டி விடச் சொல்லுங்கள், அது போதும்.

தேயிலைத்தடம்:
ஸ்டேஷன் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஒரு பலகையாவது வைக்கலாம். இந்த வழியாக இத்தனை ஊர்க்காரர்கள் கங்காணிகளோடு போனார்கள் என்று. இப்போது அங்கே இருப்பது புயல் பற்றிய தகவல்தான்.

மன்னார்க்கரை:
அம்மா, பலகை வைத்தால் இரண்டு முனையிலும் வைக்க வேண்டும். தலைமன்னாரில் இறங்கிக் கால்நடையாக மலைக்குப் போனவர்கள் காட்டிலேயே செத்த கதை பாதை வருவதற்கு முந்தைய காலத்தது. அது எங்கட பக்கத்தில் பேசப்படுகிறது, பலகை இல்லை.

கப்பல் விஷயத்தில் ஒன்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது, இடையில் நின்று 2024இல் மறுபடி ஓடியது. ராமேஸ்வரம் - தலைமன்னார் பற்றியும் இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டிருக்கின்றன. அது வந்தால் எங்கட இறங்குதுறை நிலையத்துக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கும்.

கணக்கன்:
அப்படியானால் இந்தப் பக்கம் கடல்முனை ஸ்டேஷன் ராமேஸ்வரம்தான், தனுஷ்கோடி இல்லை. மீட்டர்கேஜ், புயல்தான் காரணம் என்பதை நான் விடவில்லை. புயல் இல்லாமல் இருந்திருந்தால் 1984 வரை தனுஷ்கோடியில்தான் கப்பல் நின்றிருக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மீட்டர்கேஜ்:
நின்றிருக்கும், மறுக்கவில்லை. 1984இல் கப்பல் நின்றதும், மீட்டர் கேஜ் பாதை, மணல் அள்ளும் செலவு, ஒரு நாளைக்கு ஒரு பாசஞ்சர் என்று கணக்குப் பார்த்து ரயில்வே மூடியிருக்கும். மதுரை - போடிப் பாதையை அகலப்படுத்தவே எத்தனை வருஷம் இழுத்தார்கள்! 2007இல் பாம்பன் பாலத்தை அகலப் பாதையாக்கியபோது தனுஷ்கோடிக் கிளையையும் சேர்த்துச் செய்திருப்பார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

கணக்கன்:
இல்லை.